பேட்டரி மேல பழி, குற்றவாளி வேற: ஒரு 1968 அம்பாசடரின் சார்ஜிங் கதை

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன எபிசோட் முடிவுல, "எங்க வீட்டு அம்பாசடர் ஏன் ஒன்பது மாசத்துல ரெண்டு பேட்டரி சாப்பிட்டுச்சுன்னு ஒரு நாள் சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த மெசேஜைப் பார்த்தா, நம்ம ஆளுங்க நிறைய பேர் வீட்டுல தாத்தா வண்டி ஒண்ணு தார்ப்பாய்க்குள்ள தூங்கிட்டு இருக்கு போல. அதனால அந்தக் கதையையே முழுசா சொல்லிடறேன்.

கதை ஆரம்பிக்கிற இடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். காஞ்சிபுரத்துல ஒரு ரிசப்ஷன் முடிச்சுட்டு நானும் அம்மாவும் ராத்திரி திரும்பி வர்றோம். ஹெட்லைட் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாகுது. முதல்ல என் கண்ணுதான் சரியில்லையோன்னு நினைச்சேன். அப்புறம் ஹார்ன் அடிச்சா சளி பிடிச்ச மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்ஜின் விக்க ஆரம்பிச்சது. ஒரு டீக்கடை ஓரமா உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கல. "டிக்"னு ஒரு சத்தம், அதோட சரி.

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். வாரத்துக்கு ரெண்டு நாள் பிசியோதெரபி. ஆட்டோவுல குனிஞ்சு ஏறி இறங்க முடியாது, இப்போ வர்ற தாழ்வான கார்ல உட்கார்ந்தா எழுந்திருக்க இன்னொருத்தர் கை கொடுக்கணும். அம்பாசடர் சீட் மட்டும் அவங்க இடுப்பு உயரத்துக்குச் சரியா இருக்கு. கதவைத் திறந்து, பின்னாடி திரும்பி, அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே வைச்சுடுவாங்க. அது அவங்க அப்பா வண்டி வேற. 1968 மார்க் 2. தாத்தா 2019ல போனதுக்கு அப்புறம் நாலு வருஷம் ஷெட்லயே கிடந்தது. அம்மா முட்டிக்காகத்தான் நான் அதை வெளியே எடுத்தேன். நாஸ்டால்ஜியா எல்லாம் ரெண்டாவதுதான்.

அந்த ராத்திரி டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்துட்டு அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "இது நிக்கிறதைப் பத்தி எனக்குக் கோபம் இல்ல. எப்ப நிக்கும்னு தெரியாததுதான் பயமா இருக்கு. வித்துடலாம்டா." அவங்க அப்பா வண்டியை அவங்களே விக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்கன்னு கேட்டேன்.

அந்த ஒன்பது மாசத்துல நடந்தது எல்லாமே ஒரே சுத்துதான். வண்டி நிக்கும். பேட்டரி கடைக்குப் போவேன். "பேட்டரி வீக் சார்." புதுசு போடுவேன். மூணு மாசம் நல்லா ஓடும், அப்புறம் மறுபடியும் இழுக்கும். ரெண்டாவது பேட்டரியும் போனப்போ ஒருத்தர், "டைனமோ எல்லாம் அந்தக் காலம், தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிடுங்க"ன்னார். அவர் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, அப்புறம் வர்றேன். ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட மீட்டர் வைச்சுப் பார்க்கல. அது எனக்கு அப்போ உறைக்கவும் இல்லை.

தாத்தா ஒரு கோடு போட்ட நோட்டு வைச்சிருந்தார். வண்டிக்குச் செஞ்ச வேலை எல்லாம் தேதியோட அதுல இருக்கும். அதைப் புரட்டிப் பார்த்தேன். பேட்டரி மாத்தினது 1988, 1992, 1996, 2001. ஒரு பேட்டரி நாலு வருஷம், அஞ்சு வருஷம் வந்திருக்கு. இதே டைனமோ. இடையில ரெண்டு தடவை கார்பன் மாத்தியிருக்கார், ஒரு தடவை பேரிங். அப்போ இந்த சிஸ்டத்தால ஒரு பேட்டரியை நல்லா பார்த்துக்க முடியும். நாலு வருஷம் ஷெட்ல நின்னப்போதான் ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு. அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்கணும்.

டைனமோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். இன்னைக்கு வர்ற வண்டிகள்ல இருக்கிறது ஆல்டர்னேட்டர். உள்ளே ஏசி கரன்ட் உண்டாகி, டயோடு வழியா டிசியா மாறி பேட்டரிக்குப் போகும். ஐடிலிங்லயே ஓரளவு சார்ஜ் ஆகும். டைனமோவுல டயோடு கிடையாது. சுத்துற ஆர்மேச்சர் முனையில செம்புக் கட்டைகளா ஒரு கம்யூட்டேட்டர் இருக்கும், அதை ரெண்டு கார்பன் உரசிக்கிட்டே நிக்கும். ஆர்மேச்சர்ல உண்டாகிற கரன்ட்டை அந்தக் கார்பன்கள் டிசியாவே வெளியே எடுத்துக் கொடுக்கும். எளிமையான மெஷின்தான். ஆனா மெதுவா சுத்தினா வேலைக்கு ஆகாது. ஐடிலிங்ல நின்னா பேட்டரிதான் செலவாகும். வேகமா சுத்தினாலும் அந்தக் காலத்து லூகாஸ் டைனமோக்கள் அதிகபட்சம் 20, 22 ஆம்பியர் கிட்டதான் கொடுக்கும்.

லூகாஸ்னா இங்கிலாந்து கம்பெனி. நம்ம ஊர்ல டிவிஎஸ்ஸோட சேர்ந்து 1961ல லூகாஸ் டிவிஎஸ் ஆரம்பிச்சது, பாடியில. நான் வில்லிவாக்கத்துக்காரன். சின்ன வயசுல அது கம்பெனி பேருன்னே எனக்குத் தெரியாது, பஸ் ஸ்டாப் பேருன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். வெளிநாட்டுல பழைய கார் வைச்சிருக்கிறவங்க லூகாஸை "இருட்டின் இளவரசன்"னு கிண்டல் பண்ணுவாங்க. என் அனுபவத்துல அது கொஞ்சம் அநியாயம். அம்பது வருஷமா யாரும் கழட்டிக்கூடப் பார்க்காத ஒரு ஸ்க்ரூ துருப்பிடிச்சா, அதைச் செஞ்சவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

டைனமோ தனியா வேலை செய்யாது. பேனட்டைத் திறந்தா உள்ளே ஒரு சின்ன கறுப்புப் பெட்டி இருக்கும். நம்ம மெக்கானிக்குங்க அதை மொத்தமா "கட்-அவுட்"னு சொல்வாங்க. உண்மையில அதுக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒரு காயில் வோல்டேஜ் ஏறாம பார்த்துக்கும், அது ரெகுலேட்டர். இன்னொண்ணுதான் நிஜ கட்-அவுட். டைனமோ வோல்டேஜ் பேட்டரியைவிட மேல போனா மட்டும் ரெண்டையும் சேர்த்துவிடும், இறங்கினா பிரிச்சுடும். அது பிரிக்கலைன்னா வண்டி நிக்கிறப்போ பேட்டரி கரன்ட் திரும்பி டைனமோவுக்குள்ள ஓடும், வயர் கருகிடும். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்னு வைச்சுக்கோங்க. பெட்டியில வரிசையா டெர்மினல் இருக்கும். டி, எஃப் ரெண்டும் டைனமோவுல இருந்து வர்றது. ஏ பேட்டரிக்குப் போறது. ஏ1 வண்டியோட லைட், இக்னிஷனுக்கு. இ எர்த்.

சரி, நான் செஞ்சதை வரிசையா சொல்றேன். கையில ஆயிரம் ரூபாய்க்குக் கீழ வாங்கின ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான்.

முதல்ல பேட்டரி. ராத்திரி முழுக்க சும்மா நின்ன வண்டியில, காலையில 12.6 வோல்ட் காட்டினா ஃபுல். 12.2ன்னா கிட்டத்தட்ட பாதி. 12க்குக் கீழன்னா காலின்னே வைச்சுக்கலாம். எங்களுது 11.9. வெளியே கழட்டி, கடையில ஒரு நாள் முழுக்க மெதுவா சார்ஜ் போடச் சொன்னேன். மறுநாள் 12.6. செல்ஃப் அடிக்கும்போதும் 10க்குக் கீழ இறங்கல. அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பட்டினி போட்டுட்டு வீக்னு சொல்லிட்டோம்.

அடுத்த சந்தேகம், ராத்திரியில யாராவது திருடுறாங்களா? கரன்ட்டைத்தான் சொல்றேன். பேட்டரியோட எர்த் வயரைக் கழட்டி, இடையில மீட்டரை ஆம்பியர்ல வைச்சுப் பார்க்கணும். எல்லா ஸ்விட்சும் ஆஃப், கதவெல்லாம் மூடியிருக்கணும். ரேடியோ, கடிகாரம் எதுவும் இல்லாத பழைய வண்டியில அது பூஜ்யம் காட்டணும். காட்டிச்சு. ஒரு எச்சரிக்கை: மீட்டர் அப்படி இருக்கும்போது மறந்துகூட செல்ஃப் அடிச்சுடாதீங்க, மீட்டர் போயிடும். எனக்கு எப்படித் தெரியும்னு கேட்காதீங்க.

இன்னொண்ணும் இங்கேயே சொல்லிடறேன். பழைய வண்டிகள்ல எர்த் எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க. எங்க வண்டியில நெகட்டிவ்தான் எர்த். ஆனா அந்தக் கால பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் நிறைய பாசிடிவ் எர்த்தா வந்தது. நம்ம பழக்கத்துல மாத்தி மாட்டினா வம்புதான்.

மூணாவது பெல்ட். கட்டைவிரலால நடுவுல அழுத்தினா அரை இன்ச் கிட்ட இறங்கணும். லூஸா இருந்தா வழுக்கும். ரொம்ப டைட்டா இருந்தா டைனமோ பேரிங்கும் புஷ்ஷும் தேயும். இந்த பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுத்துது. அதனால ஓடும்போது திடீர்னு சிவப்பு லைட் பளிச்சுனு எரிஞ்சா, "சார்ஜ்தானே ஆகல, வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்"னு ஓட்டாதீங்க. நிறுத்தி பெல்ட் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கொஞ்ச நேரத்துல இன்ஜின் கொதிச்சுடும். எங்க பெல்ட் சரியாத்தான் இருந்தது.

இப்போ இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துட்டு பேட்டரியில மீட்டர் வைச்சேன். 13க்கு மேல, நல்லா இருந்தா 14 கிட்ட வரணும். எங்களுது 12.4. ஹெட்லைட் போட்டா 12.2. சார்ஜ் ஆகவே இல்லைன்னு சொல்லிடலாம். ஆனா டேஷ்போர்டுல சிவப்பு லைட் அணைஞ்சிருக்கு! "லைட்தான் அணைஞ்சிருச்சே, டைனமோ ஓகே"ன்னு எல்லாரும் ஏமாந்த இடம் இதுதான். நானும்தான்.

இங்கே என் அம்மாவை உள்ளே கொண்டு வரணும். அந்தக் காஞ்சிபுரம் ராத்திரியில, வண்டி நிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க ஒண்ணு சொன்னாங்க. "டேய், அந்த சிவப்பு லைட் பூனைக்கண்ணு மாதிரி மினுங்குது பாரு. நீ வேகமா போனா இன்னும் ஜாஸ்தியாகுது." நான் ரோட்டைப் பார்த்துட்டே, "அது பழைய வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டேன். ஒன்பது மாசமா நான் தேடிட்டு இருந்த பதிலை அவங்க பக்கத்து சீட்ல இருந்து சொல்லியிருக்காங்க. பகல்ல அந்த மினுக்கம் கண்ணுக்கே தெரியாது.

அந்த லைட் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. அந்த பல்புக்கு ஒரு பக்கம் இக்னிஷன் வழியா பேட்டரி, இன்னொரு பக்கம் டைனமோவோட டி. ரெண்டு தண்ணித்தொட்டி, நடுவுல ஒரு பைப்புன்னு நினைச்சுக்கோங்க. ரெண்டுலயும் மட்டம் ஒண்ணா இருந்தா பைப்புல தண்ணி ஓடாது. சாவி போட்டதும் பேட்டரி பக்கம் 12, டைனமோ பக்கம் பூஜ்யம், அதனால பளிச்னு எரியுது. இன்ஜின் வேகமெடுத்ததும் டைனமோவும் ஏறி, கட்-அவுட் ரெண்டையும் சேர்த்துவிட்டதும் மட்டம் ஒண்ணாகி அணைஞ்சுடுது. சிக்னல்ல ஐடிலிங்ல நிக்கும்போது லேசா எரிஞ்சு, ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் அணைஞ்சா கவலையே வேண்டாம், டைனமோ வண்டியோட குணமே அது. ஆனா மிதிக்க மிதிக்க மினுக்கம் கூடுதுன்னா? ரெண்டு தொட்டிக்கும் இன்னும் மட்ட வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம். டைனமோ உண்டாக்குது, ஆனா வழியில எங்கேயோ அடைப்பு.

மினுங்கினாலே கட்-அவுட்தான்னு முடிவு பண்ணிடவும் கூடாது. இக்னிஷன் ஸ்விட்ச் உள்ளே தேய்ஞ்சு, அந்தப் பக்கம் வோல்டேஜ் குறைஞ்சாலும் இதே மாதிரி மினுங்கும். அப்போ சார்ஜிங் ஒழுங்கா இருக்கும், லைட் மட்டும் பொய் சொல்லும். அதனாலதான் பேட்டரியில மீட்டர் வைச்சுப் பார்க்கிறது முக்கியம். எங்களுக்கு பேட்டரியே 12.4தான்.

டைனமோவை உறுதிப்படுத்திக்க ஒரு பழைய டெஸ்ட் இருக்கு. பாடிப் பக்கம் சின்னக் கடை வைச்சிருக்கிற ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். நாப்பது வருஷமா ஆர்மேச்சர் காயில் கட்டுறவர். போன்ல விஷயத்தைச் சொன்னதும், "கழட்டி எடுத்துட்டு வராதே தம்பி, வண்டியிலயே பாரு"ன்னார். கடைக்காரர் இப்படிச் சொல்றதே அபூர்வம்.

டைனமோவுல வர்ற ரெண்டு வயரையும், டி, எஃப் ரெண்டையும், கழட்டிடணும். டைனமோ பக்கம் இருக்கிற அந்த ரெண்டு டெர்மினலையும் ஒரு துண்டுக் கம்பியால சேர்த்துடணும். அந்தக் கம்பிக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல மீட்டர். இன்ஜினை ஐடிலிங்ல விட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா வேகத்தைக் கூட்டணும். நல்ல டைனமோன்னா வோல்டேஜ் தயங்காம ஏறும். 20 வோல்ட் தாண்ட விடக்கூடாது. ரேஸ் பண்ணவே கூடாது, ஏன்னா இப்போ ரெகுலேட்டர் நடுவுல இல்ல, கடிவாளம் இல்லாத குதிரை அது. ஒண்ணுமே காட்டலைன்னா முதல்ல கார்பனைப் பாருங்க. அரை வோல்ட், ஒரு வோல்ட்லயே நின்னா ஃபீல்டு காயில் மேல சந்தேகம். நாலு, அஞ்சுல நின்னா ஆர்மேச்சர். வருஷக்கணக்கா ஓடாத டைனமோவுல அந்த மிச்ச காந்தம் போயிருந்தாலும் ஏறாது. அதுக்கு எஃப் வயர் கழண்டிருக்கும்போது, பேட்டரியோட லைவ் பக்கத்துல இருந்து ஒரு வயரை டைனமோ எஃப் டெர்மினல்ல ஒரு நொடி தொட்டு எடுத்தா போதும், காந்தம் திரும்ப வந்துடும்.

எங்க டைனமோ 12, 15, 18னு சிட்டா ஏறிச்சு. அம்பது வயசுக்கு மேல ஆன மெஷின். நானே ஒரு விசில் அடிச்சேன்.

அப்போ அடைப்பு வழியிலதான். வயரை எல்லாம் திரும்ப மாட்டினேன். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, இந்தத் தடவை மீட்டரோட ரெண்டு முனையையும் ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல வைச்சேன். ஒரு வழியில எங்கே எவ்வளவு வோல்டேஜ் தொலையுதுன்னு பார்க்கிற டெஸ்ட் இது. என்னைக் கேட்டா, பழைய வண்டி வைச்சிருக்கிறவங்க ஒரே ஒரு டெஸ்ட்தான் கத்துக்கணும்னா இதைத்தான் கத்துக்கணும். வயர் கன்டின்யூட்டி பார்த்து "பீப்" வந்தா ஓகேன்னு நினைப்போம். ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் பீப் வரும். பத்து ஆம்பியர் போகும்போதுதான் அதோட வண்டவாளம் தெரியும்.

பெட்டியோட ஏ டெர்மினல்ல இருந்து பேட்டரி வரைக்கும்: 0.2 வோல்ட். பரவாயில்லை. டியில இருந்து ஏ வரைக்கும்: 2.7 வோல்ட்!

டிக்கும் ஏக்கும் நடுவுல இருக்கிறது அந்த வாட்ச்மேன் மட்டும்தான். கட்-அவுட் கான்டாக்ட். பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு பெட்டி மூடியைத் திறந்தேன். பார்க்க ஒண்ணும் பெருசா இல்லை. டார்ச் அடிச்சுப் பார்த்தா அந்த ரெண்டு சின்ன வெள்ளிப் புள்ளியும் கரிச்சட்டி அடி மாதிரி இருந்தது. நாலு மழைக்காலம் ஒழுகுற ஷெட்ல நின்ன ஈரம்.

பெரியவருக்குப் போட்டோ அனுப்பினேன். "உப்புத்தாள் போட்டுடாதே"ன்னு உடனே போன் வந்தது. கட்-அவுட் கான்டாக்ட் மெத்தான வெள்ளி, அதுக்கு நைஸான கிளாஸ் பேப்பர்தான். ரெகுலேட்டர் கான்டாக்ட் டங்ஸ்டன், அதுக்கு நைஸ் கார்போரண்டம் கல். ரெண்டுக்கும் ஒரே தாளை வைச்சுத் தேய்ச்சா வெள்ளியில எமரித் துகள் பதிஞ்சு மறுபடியும் அதே கதை. தேய்ச்சப்புறம் ஸ்பிரிட்ல துடைச்சு, காயவிட்டு மூடணும். ஸ்க்ரூவையோ, ஆர்மேச்சர் தகட்டையோ வளைச்சு "அட்ஜஸ்ட்" பண்ணவே கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னார்.

இருபது நிமிஷ வேலை. ஸ்டார்ட் பண்ணேன். டிக்கும் ஏக்கும் நடுவுல 0.1. பேட்டரியில 14.0. ஹெட்லைட் போட்டா 13.3. ரெண்டு பேட்டரிக்கு நான் கொடுத்த காசையும், கிளாஸ் பேப்பர் விலையையும் பக்கத்துல பக்கத்துல வைச்சு யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

ரெகுலேட்டர் செட்டிங்கையும் பார்த்துட்டோம். கட்-அவுட் கான்டாக்ட் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு துண்டைச் செருகி, பேட்டரியைத் தனியாக்கிட்டு, டிக்கும் இக்கும் நடுவுல மீட்டர். வேகம் கூட்டிட்டே போனா ஒரு இடத்துல முள் துடிச்சு நிக்கும். எங்க பெட்டி லூகாஸ் ஆர்பி 106 வகை. அதுக்கு 20 டிகிரி வெப்பத்துல 16ல இருந்து 16.6 வரைக்கும் இருக்கணும், நம்ம சென்னை வெயிலுக்கு கொஞ்சம் குறையும். பேட்டரி சேராத நிலையில எடுக்கிற கணக்கு இது, பார்த்துட்டு பயந்துடாதீங்க. அரை நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், காயில் சூடாச்சுன்னா கணக்கு மாறிடும். எங்களுது 16.1. தொடல.

இதே கம்ப்ளெயின்ட்டுக்கு வேற காரணமும் இருக்கலாம். இன்னொருத்தர் அம்பாசடர்ல ஓடும்போது லைட்டெல்லாம் பிரகாசமா எரியும், சிவப்பு லைட் சுத்தமா அணைஞ்சிருக்கும், ஆனா பேட்டரி மட்டும் காலி. பெட்டியோட ஏ டெர்மினல்ல இருந்து பேட்டரிக்குப் போற வயர்ல யாரோ முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட். உள்ளே பச்சைப் பொடி. லைட்டுக்குப் போறது ஏ1 வழியா, அது அந்த ஜாயின்ட்டுக்கு முன்னாடியே பிரியுது, அதனால லைட் நல்லா எரிஞ்சது. மீட்டர் வைச்சா ரெண்டு நிமிஷத்துல தெரியும். வைக்கலைன்னா இன்னொரு பேட்டரி.

ஆல்டர்னேட்டர் விஷயம். ஏசி போடணும், பெரிய ஹாலோஜன் போடணும், ஸ்டீரியோ வேணும்னா டைனமோ தாங்காது, மாத்திக்கோங்க, அதுல தப்பே இல்லை. கணக்கு ரொம்ப சிம்பிள்: ரெண்டு 45 வாட் ஹெட்லைட்டே ஏழரை ஆம்பியர். இக்னிஷன், வைப்பர், பின் லைட்னு சேர்த்தா பதினஞ்சு கிட்ட போயிடும். இருபதுல என்ன மிச்சம்? தினமும் ராத்திரி வடபழனி சிக்னல்லயே வாழ்றவங்களுக்கும் ஆல்டர்னேட்டர்தான் சரி. ஆனா கம்ப்ளெயின்ட் என்னன்னு தெரியாம மாத்தாதீங்க. ஜாயின்ட்ல கோளாறு இருந்தா, கூடுதல் ஆம்பியர் அனுப்பற ஆல்டர்னேட்டர் அதே ஜாயின்ட்டைச் சூடாக்கும். பெட்டி வயரிங்கையும் தெரிஞ்சவங்களை வைச்சு மாத்தணும். அப்புறம், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி "டைனமோ வேலை செய்யுதா பார்க்கலாம்"னு யாராவது ஸ்பேனரோட வந்தா, தயவுசெஞ்சு கையைப் பிடிச்சுக்கோங்க. ஆல்டர்னேட்டர் வண்டின்னா டயோடு போகும். டைனமோ வண்டியிலயும் அது டெஸ்ட் கிடையாது.

கான்டாக்ட் தேய்ச்ச அன்னைக்கு சாயங்காலம் அம்மாவை உட்கார வைச்சு வேணும்னே இருட்டினப்புறம் ஒரு ரவுண்ட் போனோம். பூந்தமல்லி வரைக்கும். ஹெட்லைட் எரியுது. அவங்க ரோட்டைப் பார்க்கவே இல்லை, அந்த லைட்டையே பார்த்துட்டு வந்தாங்க. மதுரவாயல் தாண்டினப்புறம், "மினுங்கல"ன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் சீட்ல சாய்ஞ்சு உட்கார்ந்தாங்க.

இது நடந்து பதினாலு மாசம் ஆகுது. பேட்டரி அதேதான், ரெண்டாவது. தாத்தா நோட்டுல நானும் ஒரு வரி எழுதிட்டேன், தேதி போட்டு, கட்-அவுட் கான்டாக்ட்னு. கிறுக்கல் எழுத்துல அவர் எழுதினதுக்குக் கீழ.

இப்போ டைனமோ பின்பக்கம் காலையில லேசா கீச்சுனு சத்தம் வருது. பின்னாடி இருக்கிற அந்த புஷ்ஷுக்கு எண்ணெய்த் துளை இருக்கு, அதுல ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடணும். ஜாஸ்தி விட்டா கம்யூட்டேட்டர்ல இறங்கிடும். விட்டுப் பார்த்தேன், ரெண்டு நாள் நின்னு மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு. புஷ் மாத்தணும், பெரியவர் கடைக்குத்தான். எத்தனை நாள் வண்டி இருக்காதுன்னு அம்மா கேட்டாங்க. செவ்வாய்க்கிழமை பிசியோ முடிஞ்சு கழட்டினா, வெள்ளிக்கிழமை பிசியோவுக்குள்ள மாட்டிடலாம்னு சொல்லியிருக்கேன்.